பிரதம விருந்தினர் இறங்கிய பத்து நிமிடம்

என் மகன் இங்கிலாந்தின் நான்காவது பிரிவில் உதைபந்தாடியவன். முன்வரிசைக்காரன், கோல் அடிப்பது அவன் வேலை. இதை எங்கள் ஆட்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்படி ஏதாவது நடக்கும். நான்காவது பிரிவு என்றால் நாலு பாடத்தில் கோட்டை விட்டவன் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். ஹரோவில் ஒரு கலியாண வீட்டில் ஒரு டொக்டர், தமிழ்நாட்டுக்காரர், மிக மரியாதையாகத்தான் கேட்டார்: "அப்போ இதுக்கு மேல இன்னும் மூணு இருக்கா சார்?" இருக்கிறது ஐயா, மூன்று இருக்கிறது. கீழே எத்தனை இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. சனிக்கிழமை விடிந்தால் இந்த நாட்டில் பூட்ஸ் கட்டாத பெடியன் குறைவு. அதில் சம்பளம் வாங்கி விளையாடுகிறவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் லண்டன் மோர்டனிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தான். அவனை அதற்குள்ளிருந்து எடுத்து வெளியே போட்டவன் நான். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் அப்போது ஒரு பெற்றோல் ஷெட்டில் மனேஜர். மனைவிக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் ஷிப்ட் வேலை. மகன் ஒரே பிள்ளை. ஒன்பது வயதில் ஒரு பெரிய கழகம் அவனைத் தன் சிறுவர் அணிக்குக் கூப்பிட்டது. ஏழு வருடம், கிழமைக்கு மூன்று நாள், காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். பதினாறு வயதில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவன் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றோம். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வேற ரீம் பாப்பம் அப்பா" என்றான். அவ்வளவுதான். பிறகு நான்கு வருடம், கைச்செலவுக்கு ஏதோ கொடுக்கிற சின்னக் கழகங்களில் சேற்றில் உருண்டான். இருபதாவது வயதில், லண்டனின் ஓரத்திலிருந்த ஒரு நான்காவது பிரிவுக் கழகம் அவனை எடுத்தது.

அவன் விளையாட்டைப் பற்றி நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் பெரிய ஓட்டக்காரன் இல்லை. நூறு மீற்றர் ஓடவிட்டால் அணியில் பாதிப்பேர் அவனை முந்திவிடுவார்கள். ஆனால் முதல் மூன்று அடி இருக்கிறதே, அதில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. தடுப்பாட்டக்காரன் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் இவன் பந்தோடு கோலுக்கு முன்னால் நிற்பான். அடிப்பதும் பலமாக அடிப்பதில்லை. கோல் காப்பாளர் இந்தப் பக்கம் விழ, அந்தப் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டுத் திரும்பி நடப்பான். பிழைப்பே அந்த மூன்று அடிதான். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எத்தனையோ ஊர்களுக்கு அவன் பின்னால் போனேன். பெயரைக்கூட அதற்கு முன் கேட்டிராத ஊர்கள். ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி, முட்டை சாண்ட்விச், இரண்டு சோடிக் காலுறை. எதிரணி ஆட்கள் அவன் நிறத்தைச் சொல்லிக் கத்துவார்கள். நான் பதிலுக்குத் தமிழில் அவர்கள் பரம்பரையையே இழுத்து ஏசுவேன். ஒருவருக்கும் விளங்காது, எனக்கு மனம் ஆறும். மனைவி வரமாட்டாள். அவன் விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது என்பாள். அவளுக்கு ஓஃப்சைட் தெரியாது, அவன் அடித்த கோல் எத்தனை என்பதும் தெரியாது. அவன் எந்த முழங்காலுக்கு எத்தனை நிமிடம் ஐஸ் வைத்தான் என்பது தெரியும்.

இரண்டாவது வருடம் அவன் அடித்தான், அடித்தான், அப்படி அடித்தான். மே மாதம் ஆட்டப் பருவம் முடிந்ததும் மூன்றாம் பிரிவுக் கழகம் ஒன்று கூப்பிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். எல்லாம் பேசி முடிந்துவிட்டது, ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை மருத்துவப் பரிசோதனை, அதில் தேறினால் அங்கேயே கையெழுத்து. மனைவி அன்றிலிருந்து வீட்டில் அவசரகாலச் சட்டம் போட்டுவிட்டாள். "புதன்கிழமை வரைக்கும் பந்தைக் கண்ணாலயும் பாக்கக் கூடாது. படியால இறங்கேக்கையும் பிடிச்சுக்கொண்டு இறங்கு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டு பிடித்துக்கொண்டு இறங்கினான்.

இனி என் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும்.

நான் எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு, லண்டன் கிளைக்கு, செயலாளர். யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் எங்கே போனாலும் முதலில் வேலை தேடுவார்கள், அடுத்ததாகப் பழைய மாணவர் சங்கம் தொடங்குவார்கள். ஒவ்வொரு கோடையிலும் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து தெற்கு லண்டனில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, அணிக்கு ஏழு பேர் என்று உதைபந்தாட்டப் போட்டி வைப்போம். படித்தவர்களுக்கு வயிறு வைத்துவிட்டதால், பழைய மாணவரின் மகனும் விளையாடலாம் என்று ஒரு விதி. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவின் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சரியாகச் சொல்லவும் வராது. ஆனாலும் மேலங்கியில் அந்தப் பள்ளியின் நிறம் இருக்கும். கரையில் அப்பாமார் தொண்டை கிழியக் கத்துவார்கள். பட்டம் வாங்கி, வீடு வாங்கி, முடியெல்லாம் கொட்டிய ஆட்கள், எதிர்ப் பள்ளியைக் கண்டவுடன் பதினைந்து வயதுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களில் மோசமானவன்.

எங்கள் எதிர்ப் பள்ளி எங்களை மூன்று வருடம் தொடர்ந்து இறுதியாட்டத்தில் வென்றிருந்தது. அவர்களுடைய செயலாளர் என் ஷெட்டில்தான் பெற்றோல் அடிப்பார். அடித்துவிட்டுச் சும்மா போகமாட்டார். "உங்கட பெடியன் வெள்ளைக்காரனுக்குத்தான் கோல் அடிப்பான் போல" என்று கண்ணைச் சிமிட்டுவார். பகிடிதான். நல்ல மனுசன். அந்தப் பகிடி எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

அந்த வருடம் போட்டி, மகனுடைய புதன்கிழமைக்கு மூன்று நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் விழாக்களில் பிரதம விருந்தினர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நான் மகனைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவியிடம் வந்து, மாலை போடுவார்கள், பதக்கம் கொடுப்பான், வருவான் என்றேன். அவளுக்கும் சந்தோசம். அவனுடைய கோட்டை அவளே அயர்ன் பண்ணிக் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்குக் காலை ஷிப்ட், வரமுடியவில்லை. அவள் போன பிறகு, அவன் மேலே குளித்துக்கொண்டிருந்தபோது, நான் படிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து அவனுடைய பூட்ஸை எடுத்துக் கடைப் பை ஒன்றில் சுற்றிக் காரின் டிக்கிக்குள் வைத்தேன். ஏன் வைத்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், சும்மா என்றுதான் சொல்லியிருப்பேன். சும்மா ஒருவரும் பூட்ஸை ஒளித்துவைப்பதில்லை.

நல்ல வெயில். மட்டன் றோல்ஸ் வாசம், பிள்ளைகளின் சத்தம், அப்போதுதான் வந்திருந்த கமெரா வைத்த ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி திரிகிற பெடியள். மகனுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசைக் கதிரையில் இருத்தினோம். எல்லோரும் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நேர்முக வர்ணனை செய்தேன். அது எனக்குப் பழக்கம், ஊரிலிருந்தே வாய் அதிகம். எங்கள் அணி எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே, வேறு யார், அவர்கள்தான். பாதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூச்சியம் பின்னால் நின்றோம். அந்தச் செயலாளர் மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, பெற்றோல் பம்பைப் பிடிப்பதுபோலக் கையால் காட்டிச் சிரித்தார்.

நான் மகனைக் கார்ப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தேன்.

அவன் பையைப் பார்த்தான். "இதை ஆர் வைச்சது?"

"நான்தான். சும்மா."

"வேண்டாம் அப்பா. புதன்கிழமை மெடிக்கல். கொன்ட்ராக்ட்லயும் வேற மட்ச் விளையாடக் கூடாது எண்டு இருக்கு."

"அது வெள்ளைக்காரன்ர மட்ச். இது எங்கட பெடியள் பகிடிக்கு அடிக்கிற பந்து. கடைசிப் பத்து நிமிசம். நீ ஓடவும் வேண்டாம், கோலுக்குக் கிட்ட நிண்டாக் காணும்."

"அம்மாக்கு என்ன சொல்லுறது?"

"அம்மாக்கு ஏன் சொல்லுவான்?"

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. "உனக்காக நான் எத்தினை சனிக்கிழமை குளிருக்க நிண்டிருப்பன். எனக்காகப் பத்து நிமிசம் ஏலாதோ?" என்றேன். அவன் பொன்னாடையை மடித்துக் காரின் பின் சீற்றில் வைத்தான். கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டான். டிக்கியின் விளிம்பில் குந்தியிருந்து பூட்ஸைக் கட்டினான்.

பிரதம விருந்தினர் களமிறங்குகிறார் என்று நான் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எழுந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்காரரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். மைதானத்தில் அவன் வேறு பிறவியாகத்தான் தெரிந்தான். இறங்கி இரண்டாவது நிமிடத்தில் ஒரு கோல், தட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். ஏழாவது எட்டாவது நிமிடத்தில் இன்னொன்று. நான் வர்ணனையை விட்டுவிட்டுக் கத்தினேன். அதோடு அவனை வெளியே கூப்பிட்டிருக்கலாம். இரண்டுக்கு ஒன்று, இன்னும் இரண்டு நிமிடம்தான், வா ராசா என்று ஒரு வார்த்தை. ஒலிபெருக்கி என் கையில்தான் இருந்தது.

யாரோ ஒரு பெடியன் மூலைப் பக்கம் ஒரு நீளப் பந்து அடித்தான். மகன் அதை விட்டிருக்கலாம். ஆனால் பந்தைக் கண்டால் அவன் கால் கேட்காது, அந்த முதல் மூன்று அடி தானாகவே புறப்பட்டுவிடும். மூன்றாவது அடியில் விழுந்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஒருவரும் முட்டவில்லை. வெயிலில் காய்ந்த நிலத்தில் ஏதோ ஒரு பள்ளத்துக்குள் கால் மாட்டி, உடம்பு ஒரு பக்கம் திரும்ப முழங்கால் மற்றப் பக்கம் நின்றுவிட்டது.

நான் ஒலிபெருக்கியில் சொன்னேன்: "எழும்பு ராசா, நடிச்சது காணும். ரெஃபரி எங்கட ஆள் இல்லை."

சனம் எல்லாம் சிரித்தது.

அவன் எழும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினான். அது, ஆட்டக்காரர்கள் மருத்துவரைக் கூப்பிடுகிற சைகை. எத்தனை ஊரில் எத்தனை தடவை பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என் கால் அசையவில்லை. முதலில் ஓடிப்போனவர் அந்த எதிர்ப் பள்ளிச் செயலாளர்தான். வயிறு குலுங்கக் குலுங்க மைதானத்துக்குக் குறுக்கே ஓடி, முழங்காலிட்டு, அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் ஒலிபெருக்கியை மேசையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் ஒருநாளும் என் ஷெட்டுக்கு வரவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின் சீற்றில் காலை நீட்டி இருத்தினோம். சோடாப் போத்தல் வைத்திருந்த வாளியிலிருந்து ஐஸ் அள்ளித் துவாயில் சுற்றிக் கொடுத்தார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டேன். "நீங்கள் கப்பை வாங்கிக்கொண்டு வாங்கோ அப்பா" என்றான். அவன் எப்படிச் சொன்னான் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். குத்தலாகச் சொன்னானா, உண்மையாகவே சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கக் கூடாது. போனேன். பதக்கம் கொடுக்க வேறு ஒருவரைப் பிடித்து, உரை முடிந்து, நன்றியுரை முடிந்து, கப்பை வாங்கிப் படம் எடுத்து நான் வர இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். ஐஸ் எல்லாம் உருகி சீற் ஈரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, ஸ்கான் எடுக்க வேண்டும் என்று ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் நான் யோசனை சொன்னேன். "வீட்டுப் படியில வழுக்கினது எண்டு கிளப்புக்குச் சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது."

"பொய் சொல்ல மாட்டன்" என்றான். பிறகு, "அம்மாட்டை நான் சொல்லுறன்" என்றான்.

என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். பயமும் வந்தது, ஒரு ஆறுதலும் வந்தது. வீட்டுக்குப் போனோம். மனைவி ஊன்றுகோலைக் கண்டதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவன் என்னைப் பேசவிடாமல் தானே சொன்னான். "நான்தான் அம்மா. பூட்ஸைக் கொண்டுபோனனான். அப்பா வேண்டாம் எண்டவர், நான் கேக்கேல்லை."

கிளப்புக்குச் சொல்ல மறுத்த பொய்யை அவன் தன் தாய்க்குச் சொன்னான். அவள் அவன் தோளில் அடித்தாள், அடித்த கையாலேயே அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கப் வைத்த பையோடு வாசலில் நின்றேன். அடுத்த நாள், அவள் வேலைக்குப் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவனைக் கேட்டேன். "எண்டைக்கோ ஒருநாள் நான் வேற வீட்டுக்குப் போயிடுவன். நீங்கள் ரெண்டு பேரும்தானே இந்த வீட்டில இருக்கப்போறியள்" என்றான். இருபத்திரண்டு வயது அவனுக்கு.

அன்றைக்கே இரண்டு கழகங்களுக்கும் ஃபோன் எடுத்து நடந்ததை நடந்தபடி சொன்னான். என் பெயரை மட்டும் இழுக்கவில்லை. புதுக் கழகம் மிகவும் வருந்தியது, நலம் பெற வாழ்த்தியது, அவ்வளவுதான். பழைய கழகத்தின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. ஒப்பந்தத்தை மீறி வெளியில் விளையாடி வாங்கிய காயம், அவர்கள் பொறுப்பெடுக்கத் தேவையில்லை. ஸ்கானில் முழங்காலின் உள்நார் முழுதாக அறுந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு மற்ற எல்லோரையும் போல வரிசையில் காத்திருந்தான். அந்த நாட்களில் ஒருநாள் நான் அந்த மைதானத்துக்குத் தனியாகப் போனேன். எந்தப் பள்ளம் என்று பார்க்கப் போனேன். மூலைப் பக்கம் முழுவதும் பள்ளம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செயலாளர் என்ற முறையில் சங்க மலருக்குப் போட்டி அறிக்கை நான் எழுத வேண்டியிருந்தது. பிரதம விருந்தினர் தாமே களமிறங்கி இரண்டு கோல்கள் அடித்து வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுத்தந்தார் என்று எழுதினேன். காயம் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். விலகி என்ன, எழுதியது எழுதியதுதானே.

அவன் திரும்பி விளையாட ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. நான்காவது பிரிவுக் கழகங்கள் இரண்டில் பரீட்சித்துப் பார்த்தார்கள். கோலுக்கு முன்னால் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு முன்பைவிட நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்த மூன்று அடி போய்விட்டது. பந்து வரும் இடம் தெரியும், போய்ச் சேர்வதற்குள் தடுப்பாட்டக்காரன் அங்கே நிற்பான். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி சின்னக் கழகங்கள். ஒரு வருடம் ஒரு கழகம், அடுத்த வருடம் அதற்கும் ஒரு படி கீழே. பகலில் சூப்பர்மார்க்கெட் வானில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தான். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளோடு மூன்றாம் மாடி ஏறி இறங்கிவிட்டு, மாலையில் பயிற்சிக்குப் போவான். வீட்டுப் படியில் ஏறும்போது இப்போது உண்மையாகவே பிடித்துக்கொண்டு ஏறினான்.

மனைவி அவனை ஏசினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மழை நாளில் அவன் முழங்காலைத் தடவுவதைக் கண்டால் ஏசுவாள். தொலைக்காட்சியில் அவனோடு முன்னர் விளையாடிய பெடியன் ஒருவன் பெரிய கழகத்தில் ஆடுவதைக் கண்டால் ஏசுவாள். "ஒரு சொல்லு கேட்டனியே? மூண்டே மூண்டு நாள். மூண்டு நாள் சும்மா இருக்க ஏலாமப் போச்சே உனக்கு. உப்பிடி ஒரு பிடிவாதம் ஆருக்கும் இருக்குமே?" அவன் தலையைக் குனிந்துகொண்டிருப்பான். நான் பேசாமல் இருந்தேன். முதல் வருடம் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். இரண்டாம் வருடம், முதல் வருடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படியே தள்ளித் தள்ளி ஆறு வருடம் போனது.

இருபத்தெட்டாவது வயதில் நிறுத்தப்போகிறேன் என்றான். சத்திரசிகிச்சை செய்தவரே இனி வேண்டாம் என்றுவிட்டார். கடைசி ஆட்டம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, மரக்கறித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைதானம். ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை. அன்றைக்கு மனைவியும் வருகிறேன் என்றாள். அவனுடைய பதினெட்டு இருபது வருட ஆட்டத்தில் அவள் மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நூறு பேர்கூட இருந்திருக்கமாட்டார்கள். தூறிக்கொண்டிருந்தது. அவன் கோல் அடிக்கவில்லை. ஒரு தடவை நல்ல இடத்தில் பந்து வந்தது, அரை அடி பிந்திவிட்டான். எழுபதாவது நிமிடமளவில் மாற்று ஆளுக்கு இலக்கப் பலகையைத் தூக்கினார்கள். அவன் மெதுவாக வெளியே நடந்து வர, கூரைக்குக் கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். மனைவி கைதட்டவில்லை. அவள் அவனுடைய நடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து, தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தான். அவள் தன் சால்வையால் அவன் தலையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழத் தொடங்கினாள். "அண்டைக்கு மட்டும் நீ அந்தப் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போகாம இருந்திருந்தா... உன்ர பிடிவாதம்தானே, ராசா, உன்னை இதில கொண்டுவந்து விட்டது" என்றாள். அவன் வழக்கம்போலத் தலையைக் குனிந்தான். குனிந்த தலையில் அங்கங்கே நரை கண்டேன். இருபத்தெட்டு வயதில்.

"அவன் இல்லை" என்றேன். "நான்தான். பூட்ஸை வைச்சது நான். அவன் வேண்டாம் எண்டவன். நான்தான் கெஞ்சி இறக்கினனான்."

"அப்பா, இப்ப ஏன்?" என்றான் அவன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். "உண்மையே?" என்றாள். அவள் சால்வையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது, நான் ஏசினன். நீங்களும் சேர்ந்தெல்லோ ஏசினனீங்கள்?"

நான் பேசாமல் இருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. சங்க மலரில் எழுதியதுபோலத்தான் இதையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எப்போதும் பேசாமல் இருந்தால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று, இடைக்கிடை நானும் ஒரு சொல் சேர்த்துக்கொள்வேன். நாலைந்து தடவை இருக்கும். ஒரு தடவை, அவன் புதிதாகச் சேர்ந்த கழகமும் வேண்டாம் என்று அனுப்பிய கிழமை, மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் தொடங்கினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அண்டைக்கு அம்மா சொன்னதைக் கேட்டிருந்தா இண்டைக்கு இந்த நிலைமை வந்திருக்குமே, தம்பி?" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. நான் இவ்வளவு பயந்தவன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஓம் அப்பா" என்றான். "என்ர பிழைதான்."